டேஷ்போர்டை மூடும் முன் ஒரு தடவை பாருங்கள்!



சனிக்கிழமை காலை நேரம். கிள்ளானிலோ சிரம்பானிலோ உள்ள ஒரு வாகனப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய குடும்பத் தலைவர் ஒருவர் தமது பழைய காரை அங்கே விட்டுவிட்டுப் போகிறார். குறை ஒன்றும் பெரிதில்லை. ஏர்கோன் குளிரவில்லை. கேஸ் ஏற்றினால் இரண்டு வாரம் குளிர்கிறது. மூன்றாவது வாரம் மீண்டும் அனல் காற்றுதான்.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பி வந்தவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. காரின் முகத்தையே காணோம்! ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை. மீட்டர் இருந்த இடத்தில் ஓட்டை. முன்கண்ணாடிக்குக் கீழே வெறும் இரும்புச் சட்டமும், கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஒயர்களும். டேஷ்போர்டு மட்டும் ஒரு பழைய போர்வையின் மேல் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கிறது.

“என்ன தம்பி, ஏர்கோன் பாக்கத்தானே குடுத்துட்டுப் போனேன்? காரையே பிரிச்சிப் போட்டுட்டீங்களே!”

போர்மேன் சிரிக்கிறார். “கூலிங் காயில் ஓட்டைண்ணே. அது டேஷ்போர்டுக்குப் பின்னாலதான் இருக்கு. இத எறக்காம கை போவாது. நீங்க இப்ப வந்தது நல்லதாப் போச்சு. மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்குங்க.”

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் மலேசியாவில் கார் வைத்திருக்கும் பலருக்கு இது புதியதல்ல. அந்தப் போர்மேன் கடைசியாகச் சொன்னாரே, அதுதான் இன்றைய உரையின் மையம். டேஷ்போர்டு என்பது ஒரு மூடி. அதை இறக்கி, உள்ளே வேலை பார்த்து, மறுபடியும் ஏற்றிவிட்டால், உள்ளே எது விடுபட்டது, எது மாறிப்போனது என்று வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் தெரியாது. திறந்து கிடக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் பார்க்க முடியும். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகிற அன்றைக்கு உயிர் போகலாம்.

டேஷ்போர்டு என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. குதிரை வண்டிக் காலத்தில், ஓடும் குதிரையின் குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் இருக்க முன்பக்கம் ஒரு பலகை வைத்தார்கள். அந்தப் பலகையின் பெயர்தான் டேஷ்போர்டு. குதிரை போய் மோட்டார் வந்தது. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. சேற்றைத் தடுத்த அந்தப் பலகைக்குப் பின்னால் இன்று காரின் பாதி மூளை உட்கார்ந்திருக்கிறது.

மேலே தெரிவது பிளாஸ்டிக் தோல். பல கார்களில் அதற்கு அடியில் ஒரு பஞ்சு அடுக்கு, அதற்கும் அடியில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. இந்த ஓட்டைத் தாங்கி நிற்பது, காரின் ஒரு பக்கத் தூணிலிருந்து மறு பக்கத் தூண் வரை குறுக்கே ஓடும் இரும்பு உத்திரம். ஸ்டியரிங் தண்டும் இந்த உத்திரத்தில்தான் தொங்குகிறது. அதனால் இந்த உத்திரத்தின் போல்ட்டுகள் அலங்காரத்துக்குப் போட்ட ஸ்குருக்கள் அல்ல. மோதலின்போது ஸ்டியரிங்கை அதன் இடத்தில் பிடித்துவைக்க வேண்டியவை அவை. நடுவில் ஏர்கோன் பெட்டி. அதற்குள் கூலிங் காயில், காற்றைத் திருப்பிவிடும் சிறு கதவுகள். ஒரு பக்கம் காற்றை ஊதும் மோட்டார். பயணி அமரும் பக்கத்தில் ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை. தரையோடு சேர்த்து நடுப்பகுதியில், பெரும்பாலான கார்களில், அந்தக் காற்றுப்பையை எப்போது விரிப்பது என்று முடிவு செய்யும் சிறிய கணினிப் பெட்டி.

முதலில் ஒரு கேள்வி. டேஷ்போர்டை இறக்கத்தான் வேண்டுமா? பல நேரங்களில் வேண்டியதில்லை. ஏர்கோன் கேஸ் குறைகிறது என்றால் கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கசிவு முன்பக்கம் ரேடியேட்டருக்கு அருகில் உள்ள கண்டென்சரில் இருக்கலாம். கம்ப்ரஸரில் இருக்கலாம். குழாய்கள் சேரும் இடத்தில் உள்ள சிறிய ரப்பர் வளையத்தில் இருக்கலாம். இவையெல்லாம் பானெட்டைத் திறந்தாலே கைக்கு எட்டுபவை. ஒளிரும் சாயத்தைச் செலுத்தி விளக்கடித்துப் பார்ப்பது, கசிவு காட்டும் கருவியை ஏர்கோன் துவாரத்தில் பிடித்துப் பார்ப்பது, நைட்ரஜனை அழுத்தி அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பது என்று வழிகள் உண்டு. இவற்றில் ஒன்றையும் செய்யாமல் “கூலிங் காயில்தான், எறக்கணும்” என்று சொல்கிற பட்டறையில் “எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்பதில் தவறே இல்லை.

காயில் கசியவில்லை, அழுக்குத்தான் என்றால் கதை வேறு. காயிலின் தகடுகள் எப்போதும் ஈரமாக இருக்கும். தூசி, முடி, காய்ந்த இலைத் துணுக்கு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் பில்டரே இல்லாத பழைய கார்கள் இந்நாட்டுச் சாலைகளில் எத்தனையோ உண்டு. காற்று மோட்டாரைக் கழற்றிவிட்டு, அந்த வழியாகவே சின்ன கேமராவை விட்டுப் பார்த்து, மருந்து தெளித்துக் கழுவுகிற முறை இப்போது இருக்கிறது. டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். சில பழைய மாடல்களில் காயில் பெட்டி பயணி பக்கத்துச் சாமான் பெட்டிக்குப் பின்னாலேயே இருக்கும். அதைக் கழற்றினால் போதும். பெட்டி நடுவில் புதைந்து கிடக்கும் கார்களில்தான் டேஷ்போர்டு முழுதாக இறங்கியாக வேண்டும். அந்த வேலைக்குக் கூலியும் கூடும். நேரமும் அரை நாளோ ஒரு நாளோ ஆகும். அவசரப்படுத்தினால் எங்கே விழும் அடி? மறுபடி பூட்டுவதில்தான்.

சரி, இறக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. நல்ல போர்மேன் எடுத்த எடுப்பில் திருப்புளியைத் தூக்க மாட்டார். காயில் மாற்றும் வேலையென்றால் முதலில் பழைய கேஸை இயந்திரத்தில் உறிஞ்சி எடுப்பார். குழாயைத் தளர்த்தி ‘புஸ்’ என்று காற்றில் விடுவது பல இடங்களில் நடக்கிற பழக்கம்தான். ஆனால் கூடாத பழக்கம். கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். ஓசோன் படலத்துக்குத் தீங்கில்லை என்று கொண்டுவரப்பட்டது அது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், நூறு ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு வலுவுள்ளது.

அடுத்து பேட்டரி. கறுப்பு ஒயரை, அதாவது நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு உடனே வேலையைத் தொடங்கிவிடவும் கூடாது. காத்திருக்க வேண்டும். ஒன்றரை நிமிடமா, மூன்று நிமிடமா, அதற்கும் மேலா என்பது காருக்குக் கார் மாறும். தயாரிப்பாளரின் கையேட்டில் அது இருக்கும். ஏன் காத்திருக்க வேண்டும்? மோதலில் பேட்டரியே நசுங்கி ஒயர் அறுந்துபோனாலும் காற்றுப்பை விரிய வேண்டும் என்பதற்காக, அந்தக் கணினிப் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்தச் சேமிப்பு சிறிது நேரம் உயிரோடிருக்கும். அது வடிவதற்குத்தான் அந்தக் காத்திருப்பு.

பிறகு இறக்கும் வேலை. ஸ்டியரிங்கைச் சுற்றியுள்ள மூடி, மீட்டரின் கூரை, ரேடியோவின் சட்டம், கியருக்கு அருகில் உள்ள நடுப்பெட்டி, சாமான் பெட்டி, இரு பக்கத் தூண்களின் உறை என்று ஒவ்வொன்றாக வரும். இதில் ஸ்குரு பாதி, கிளிப் பாதி. இந்தக் கிளிப்புகள்தான் பொறுமையைச் சோதிப்பவை. வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு எவ்வளவு சூடாகும் தெரியுமா? 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருந்தது. அங்கே பாலைவன வெயில் என்றாலும், இங்கேயும் திறந்த வெளியில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் இப்படி வெந்த பிளாஸ்டிக் பிஸ்கெட்டைப் போல நொறுங்கும். இரும்புத் திருப்புளியை நுழைத்து நெம்பினால் கிளிப்பும் போகும், பக்கத்தில் கோடும் விழும். அதற்கென்றே பிளாஸ்டிக் நெம்புகோல்கள் விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் திருப்புளி முனையில் துணியோ டேப்போ சுற்றிக்கொள்கிறவர்தான் கவலையுள்ள போர்மேன்.

கழற்றிய ஸ்குருக்களை எங்கே போடுகிறார் என்பதையும் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மைலோ டின்னில் கொட்டிவைத்தால் பூட்டும்போது குழப்பம் நிச்சயம். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் ஸ்குருக்களில் நீளம் வித்தியாசப்படும். குட்டையானது போக வேண்டிய இடத்தில் நீளமானது போனால் பின்னால் ஓடும் ஒயரைத் துளைத்துவிடும். எந்த இடத்து ஸ்குரு எது என்று தனித்தனிக் கிண்ணத்திலோ, முட்டை அட்டையின் குழிகளிலோ போட்டு வைப்பதும், ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் தேர்ந்தவர்களின் வழக்கம். வேலை முடிந்த பிறகு நாலு ஸ்குரு மிஞ்சிக் கிடப்பதைப் பற்றிப் பட்டறைகளில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். கார்க்காரர் சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இனி அந்த மஞ்சள் நிறத்துக்கு வருவோம். டேஷ்போர்டுக்குள் தெரியும் ஒயர்களில் மஞ்சள் உறை போட்டது, அல்லது மஞ்சள் இணைப்பி மாட்டியது எதுவோ, அது பெரும்பாலும் காற்றுப்பைக்குப் போகிற ஒயர். ‘தொடாதே, தொட்டால் யோசித்துத் தொடு’ என்பதற்காகத்தான் அந்த நிறம். இணைப்பியைப் பிரித்தவுடன், ஒயரின் இரு முனைகளும் தாமாகவே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்படி உள்ளே ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். எங்கிருந்தோ வரும் நிலைமின்சாரம் காற்றுப்பையைத் தூண்டிவிடக் கூடாது அல்லவா? இதே காரணத்தால்தான் காற்றுப்பையின் முனையில் மீட்டரை வைத்து அளந்து பார்க்கக் கூடாது என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. கழற்றிய காற்றுப்பையைத் தூக்கிப் போகும்போது அதன் முகம் உடலுக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். மேசையில் வைக்கும்போது முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது. தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அது வெடித்தால், பெட்டி முழுவதும் ராக்கெட்டைப் போல மேலே பாயும்.

காற்றுப்பை விரிவது ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். கண் இமைப்பதற்கு முன்பே என்று சொல்லலாம். அவ்வளவு வேகம் வேண்டுமென்றால் அதற்குள் வெடிபொருள் இருந்தாக வேண்டும். அந்த வெடிபொருள் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை மலேசியா கண்ணீரோடு தெரிந்துகொண்டது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் நடந்த ஒரு விபத்தில், ஹோண்டா சிட்டி காரை ஓட்டிச் சென்ற கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். ஸ்டியரிங்கில் இருந்த காற்றுப்பையின் உலோகக் கூடு சிதறி, அதன் துண்டு அவரைத் தாக்கியது. வயிற்றில் இருந்த குழந்தையும் பிழைக்கவில்லை. காப்பாற்ற வேண்டிய பையே கொன்றுவிட்டது. தக்காத்தா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த காற்றுப்பை அது. அமெரிக்காவுக்கு வெளியே இந்தக் கோளாற்றால் நேர்ந்ததாகத் தெரியவந்த முதல் மரணம் அதுதான். 2016-ஆம் ஆண்டில் இதே நாட்டில் மேலும் சில உயிர்கள் போயின. 2017 ஜூனில் அந்த நிறுவனம் திவாலானது.

காரணம் என்ன? அந்தக் காற்றுப்பைகளில் பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத வகைகளில், வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் தாக்கித் தாக்கி அது கெட்டுப்போகிறது. கெட்டுப்போனது எரியும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகிறது. கூடு தாங்காமல் சிதறுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் என்றால் மலேசியாவுக்கு வேறு விளக்கம் தேவையா? ஓட்டுநர் பக்கத்துப் பைகள் மட்டுமல்ல, டேஷ்போர்டுக்குள் இருக்கும் பயணி பக்கத்துப் பைகளும் திரும்பப் பெறப்பட்டன. பல நிறுவனங்களின் கார்கள் இந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் காரின் சேஸி எண்ணைச் சொல்லி, அந்தக் கார் நிறுவனத்திடம் கேட்டால் தெரிந்துவிடும். மாற்றித் தருவது இலவசம். பழைய கார்தானே, வாங்கிய முதலாளி பார்த்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். கைமாறிக் கைமாறி வந்த கார்களுக்குத்தான் நிறுவனத்தின் கடிதம் போய்ச் சேர்வதில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ‘ஹாஃப் கட்’ என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டில், குறிப்பாக ஜப்பானில் ஓடி முடித்த காரைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து, பாகம் பாகமாக விற்பது. கிள்ளான் வட்டாரத்தில் இத்தகைய கடைகள் பெயர்பெற்றவை. வெடித்துப்போன டேஷ்போர்டுக்குப் பதிலாக அங்கே ஒன்று வாங்கி மாட்டிக்கொள்வோரும் உண்டு. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, விளக்கு என்று வாங்கினால் சிக்கனம்தான். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் டேஷ்போர்டு வாங்கும்போது அதற்குள் உட்கார்ந்திருக்கும் காற்றுப்பையும் கூடவே வருகிறது. அது எந்தக் காரில் இருந்தது, எத்தனை ஆண்டு பழையது, திரும்பப் பெறப்பட்ட வகையா, வெள்ளத்தில் மூழ்கியதா, யாருக்குத் தெரியும்? டேஷ்போர்டு வேண்டுமானால் பழையது வாங்குங்கள். காற்றுப்பை மட்டும் உங்கள் காரில் இருந்ததையோ, நிறுவனத்தின் புதியதையோ மாட்டச் சொல்லுங்கள். அதன் விலை அதிகம் என்பது உண்மை. அதில் ஒட்டியுள்ள எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை.

மோதி ஒரு தடவை காற்றுப்பை விரிந்த கார்களில் நடக்கும் தில்லுமுல்லு இன்னும் மோசம். விரிந்தபோது டேஷ்போர்டின் மூடி கிழிந்திருக்கும். கிழிந்ததை ஒட்டி, சாயம் பூசி, புதிதுபோல் ஆக்கிவிடுவார்கள். உள்ளே பை இருக்காது. கணினியை ஏமாற்ற, பை இருந்த இடத்தில் சில காசு விலையுள்ள ஒரு ரெசிஸ்டரை மாட்டிவிடுவார்கள். கணினி, பை இருக்கிறது என்று நம்பிக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். இன்னும் சிலர் விளக்கின் பல்பையே பிடுங்கிவிடுவார்கள்; அல்லது அதன் ஒயரை எண்ணெய் விளக்கோடு சேர்த்துக் கட்டி, இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும்படி செய்துவிடுவார்கள். பயன்படுத்திய கார் வாங்குகிறவர் பாலீஷைப் பார்க்கிறார், மைலேஜைப் பார்க்கிறார். பக்கத்து இருக்கையில் மனைவியையோ தாயையோ உட்காரவைத்துக்கொண்டு போகிறார். அவர்களுக்கு முன்னால் இருப்பது வெற்றுப் பெட்டி!

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட இடங்களை வெள்ளம் சூழ்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கூரை வரை மூழ்கிய கார்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோர் உண்டு, சொந்தக் காரையே அப்படிப் பார்த்தோரும் உண்டு. அப்படி மூழ்கிய காரைக் காயவைக்க டேஷ்போர்டும் இறங்கும், கம்பளமும் எழும். கார் மறுபடி ஓடும். ஆனால் காற்றுப்பையின் கணினி தரையோடு இருக்கிறது என்று சொன்னதை நினைவில் வையுங்கள். முதலில் மூழ்குவது அதுதான். பயன்படுத்திய கார் வாங்கப்போகிறவர்கள் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, இரும்புச் சட்டத்தில் சேற்றுப் படிவும் துருவும் இருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பார்க்கலாம். வெளியே மெருகு ஏற்றுகிறவர்கள் அங்கே துடைப்பதில்லை.

இப்போது திரும்ப ஏற்றும் வேலை. ‘கழற்றிய வரிசைக்குத் தலைகீழாகப் பூட்டுக’ என்று கையேட்டில் ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். எழுதுவதற்கென்ன! புதுக் காயிலோடு எக்ஸ்பான்ஷன் வால்வு, ரப்பர் வளையங்கள், ட்ரையர் ஆகியவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய காயிலில் செருகியிருந்த, குச்சி போன்ற வெப்ப உணர்வியைப் புதியதிலும் செருக வேண்டும். மறந்தால் காயிலில் பனிக்கட்டி கட்டி, சிறிது நேரத்தில் காற்றே வராது. குழாய்களைப் பூட்டியதும் வேக்குவம் இழுத்து ஈரத்தை வெளியேற்ற வேண்டும். கேஸை மதிப்பாக ஏற்றாமல், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிய கிராம் அளவுக்கு எடைபோட்டு ஏற்ற வேண்டும்.

டேஷ்போர்டைத் தூக்கி உள்ளே நுழைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒயர்களை ஒவ்வொன்றாக அதனதன் வாசல் வழியாக இழுத்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் ஒயர் நசுங்குவதும், காற்றுக் குழாய் ஒன்று பொருந்தாமல் நின்றுபோவதும் நடக்கும். எல்லா போல்ட்டையும் முதலில் கைவிரலால் திருகி நிறுத்திவிட்டு, டேஷ்போர்டு நேராக உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறு மூலை துவாரத்துக்கு வராது, நெம்பினால் வெடிக்கும். உடம்புச் சட்டத்தில் பூட்டும் எர்த் ஒயர்களை மறந்தால் மீட்டர் விளக்குகள் பேய் பிடித்ததுபோல் மினுக்கும். ஸ்டியரிங் சக்கரத்தையே கழற்றியிருந்தால் இன்னொரு கண்டம். அதற்குப் பின்னால் சுருள் சுருளாக ஒரு நாடா ஒயர் இருக்கிறது. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் கூடவே சுருண்டு விரிந்து, காற்றுப்பைக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுபோவது அது. முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது, அந்த நாடாவையும் நடுவில் நிறுத்திப் பூட்ட வேண்டும். கோணலாகப் பூட்டினால் முதல் யூ டர்னிலேயே அறுந்துபோகும். ஹாரன் அடிக்காது. மஞ்சள் விளக்கு எரியும்.

காற்றுப்பை இணைப்பி எல்லாம் ‘கிளிக்’ என்று மாட்டிய பிறகே பேட்டரியைச் சேர்க்க வேண்டும். இடையில் காரை நகர்த்த வேண்டும் என்று யாராவது சாவியைத் திருப்பிவிட்டால், பை காணாமல் போனதாகக் கணினி பதிவு செய்துகொள்ளும். பிறகு எல்லாவற்றையும் சரியாக மாட்டினாலும் பல கார்களில் விளக்கு அணையாது. ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும். “அது அப்படித்தான் எரியும், ஒண்ணும் பண்ணாது” என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்றால், மோதலின்போது பை விரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அர்த்தம்.

டேஷ்போர்டு வீட்டுக்கு வந்த பிறகு அதன் மேல் என்ன வைக்கிறோம் என்பதும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். பிள்ளையார், முருகன், வாசனைப் புட்டி, தலையாட்டி பொம்மை என்று பல கார்களில் ஒரு சிறு கொலுவே இருக்கிறது. பக்தியை யாரும் குறை சொல்லவில்லை. பயணி பக்கத்தில் ‘ஏர்பேக்’ என்று எழுத்து பதிந்த மூடியின் மேல் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள். பை விரியும்போது அந்த மூடிதான் முதலில் திறந்துகொள்ளும். மேலே இருப்பது எதிரே உள்ளவரின் முகத்துக்குப் பறந்துவரும். சாமியை நடுவில், மூடியை விட்டுத் தள்ளி வைத்தால் போயிற்று. டேஷ்போர்டுக்குத் தோல் போர்த்தித் தைக்கிற கடைகளிலும் இதைக் கேளுங்கள். தொழிற்சாலையில் அந்த மூடி கிழிவதற்கென்றே உட்புறம் கோடு கீறியிருப்பார்கள், அல்லது எளிதில் அறுகிற நூலால் தைத்திருப்பார்கள். அதற்கு மேல் கெட்டித் தோலைப் போர்த்தி இறுக்கி ஒட்டிவிட்டால், அந்தக் கீறலுக்கு என்ன பயன்? குழந்தையைப் பின்னோக்கி அமரவைக்கும் இருக்கையைக் காற்றுப்பைக்கு எதிரே வைக்கவே கூடாது. 2020 ஜனவரி முதல் மலேசியாவில் சிறுவர் இருக்கை கட்டாயம். அதற்கு இடம் பின் இருக்கைதான்.

சரி, அந்தப் பட்டறைக்குத் திரும்புவோம். மாலை ஆறு மணி இருக்கும். டேஷ்போர்டு ஏறிவிட்டது. முட்டை அட்டையின் குழிகள் காலி. கழற்றிய பழைய காயிலைப் போர்மேன் ஒரு தாளில் வைத்துக் காட்டுகிறார். ஒரு மூலையில் எண்ணெய்க் கறை, அதுதான் கசிந்த இடம். காற்றுப்பையின் எண்ணும், மாட்டிய மஞ்சள் இணைப்பியும் கார்க்காரரின் கைப்பேசியில் படமாக இருக்கின்றன. மதியம் அவரே எடுத்தவை.

“சாவியத் திருப்புங்கண்ணே. இஞ்சின ஓட்ட வேணாம், வெளக்க மட்டும் பாருங்க.”

திருப்புகிறார். மீட்டரில் எல்லா விளக்குகளும் எரிகின்றன. உட்கார்ந்திருக்கும் ஆளின் முன்னால் வட்டம் போட்ட அந்தக் காற்றுப்பை விளக்கும் எரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார். சில விநாடிகளில் அந்த விளக்கு தனியாக அணைகிறது. மற்ற விளக்குகள் இன்னும் எரிகின்றன. தனியாக எரிந்து தனியாக அணைந்தது என்பதைத்தான் பார்க்கச் சொன்னார் போர்மேன். பிறகு ஹாரன், சிக்னல், துடைப்பான், ரேடியோ, காற்றை முகத்துக்கும் காலுக்கும் கண்ணாடிக்கும் மாற்றும் பொத்தான் என்று வரிசையாக ஒவ்வொன்றும். ரேடியோ இரகசிய எண் கேட்கிறது. நல்ல வேளை, வீட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

ஏர்கோன் ஓடுகிறது. கார்க்காரர் முகத்தில் குளிர் படுகிறது. “ஆச்சு இல்ல தம்பி? கெளம்பலாமா?”

“பத்து நிமிசம் இருங்கண்ணே.” போர்மேன் தரையில் குனிந்து, காருக்கு அடியில் விளக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காயிலில் திரளும் தண்ணீர் வெளியே போவதற்கு ஒரு சிறு ரப்பர் குழாய் உண்டு. டேஷ்போர்டை ஏற்றும்போது அது நழுவியிருந்தால் தண்ணீர் வெளியே வராது. உள்ளே கம்பளத்துக்குள் இறங்கும். ஒரு வாரம் கழித்து நாற்றம் எடுக்கும், அந்தத் தரையில் இருக்கும் கணினிப் பெட்டியையும் நனைக்கும்.

இன்னும் ஒன்றும் காணோம். பட்டறைப் பையன் கதவை இழுத்துச் சாத்தத் தயாராக நிற்கிறான். பிறகு சிமெண்டுத் தரையில் ஒரு துளி. சற்று நேரத்தில் இன்னொன்று.

“சொட்டுதுண்ணே. இனி எடுத்துட்டுப் போங்க.”